சீர்த்தட்டில் வந்த பனிமலை

(பட்டிமன்றத் தலைப்பு: வீட்டுக்குள் வந்த வீடியோ விளையாட்டு பிள்ளைகளை வளர்க்கிறதா? கெடுக்கிறதா? இடம்: உசிலம்பட்டி. ‘வளர்க்கிறது’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்களை மடக்கிவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கட்டி முடிக்காத பூவை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்திருக்கும் உசிலம்பட்டித் தாய்மார்களே, பெரியோர்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். ‘பிள்ளைக பனிமலையில சறுக்குற விளையாட்டு விளையாடுதுன்னு பெருமையாச் சொல்றீங்களே, உசிலம்பட்டியில பனியை எவன் பாத்தான்?’ என்றார். நீங்களும் கைதட்டினீங்க. நியாயமான கேள்விதான். வைகையில தண்ணி வருமா, 58 கிராமக் கால்வாய்ல தண்ணி வருமான்னு வருஷக்கணக்கா அண்ணாந்து பாத்த ஊரு இது. தண்ணிக்கே இந்தப் பாடு, பனிக்கு எங்க போறது? (கைதட்டல்) எங்களுக்குப் பனின்னா மார்கழி மாசம் விடியக்காலையில கோலம் போடுறப்ப தலையில எறங்குற ஈரம். அதுக்கே ‘தலையில துண்டைப் போடு, சளி புடிக்கும்’னு ஒரு சத்தம் வரும்.

ஆனா தம்பி, பனியைத்தான் நாங்க பாக்கலை. சறுக்கலைப் பாத்திருக்கோம். கண்மாய்க் கரை மேல ஏறி, ஒரு தென்னை மட்டையை அடியில போட்டு, ரெண்டு கையாலயும் மட்டையோட முனையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து, பின்னாடி இருந்து ஒருத்தன் ஒரு தள்ளு தள்ளினா... கரை மேலருந்து கீழ வரைக்கும் ஒரே சர்ர்ர்! பாவாடை கிழியும், முழங்கை தேயும், வாயில மண்ணு போகும். எந்திரிச்சு மட்டையைத் தூக்கிக்கிட்டு மறுபடி மேல ஏறுவோம். இந்தக் கூட்டத்துல அம்பது வயசுக்கு மேல இருக்கிற எல்லாரும் மனசுக்குள்ள இப்ப ஒரு தடவை சறுக்கிட்டு வந்துட்டீங்க, முகத்தைப் பாத்தாலே தெரியுது. (கைதட்டல்)

பொம்பளைகளுக்கு மட்டும் ஒரு கேள்வி. அந்த மட்டையில கடைசியா எப்பச் சறுக்குனீங்க? தேதி ஞாபகம் இருக்காது. ஆனா எந்த வயசுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பன்னெண்டு, மிஞ்சிப்போனா பதிமூணு. கூடச் சறுக்கின பயலுக அதுக்கப்புறம் கபடிக்குப் போனான், கண்மாய்ல நீச்சலுக்குப் போனான், மஞ்சுவிரட்டுக்குப் போனான். நம்மள மட்டும் குச்சுக்குள்ள உக்கார வச்சு, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்து, ‘இனிமே குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, சத்தமாச் சிரிக்கக் கூடாது’ன்னு சட்டம் போட்டாங்க. அன்னிக்கு முடிஞ்சது நம்ம விளையாட்டு.

நடுவர் அவர்களே, ‘விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது’ன்னு எதிரணி பேசுறப்ப நான் ஒண்ணைக் கவனிச்சேன். அவங்க சொன்ன பிள்ளை எல்லாமே பையன்தான்! பையன் கண்ணு கெட்டுப்போச்சு, பையன் படிப்பு கெட்டுப்போச்சு, பையன் வெளியே போயி விளையாட மாட்டேங்கிறான்... சரிங்க. வெளியே போயி விளையாடவே அனுமதி இல்லாத பிள்ளையைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசினீங்களா? அந்தப் பிள்ளைக்காகத்தான் நான் வந்திருக்கேன்.

எங்க அண்ணன் மக கதையைச் சொல்றேன். 2004-ல பெரிய மனுசியானா. நம்ம ஊர்ல தாய்மாமன் சீர்னா சும்மாவா? வெடி முன்னாடி போகுது, மேளம் பின்னாடி வருது, நடுவுல வெண்கல அண்டா, பட்டுச் சேலை, பழத்தட்டு, கெடா. மதினியோட தம்பி துபாய்ல இருந்து வந்திருந்தாரு. அவரு சீரு இருபத்தோரு தட்டு. இருபது தட்டுல என்ன இருக்குன்னு பாத்தவுடனே தெரியுது. இருபத்தோராவது தட்டுல கறுப்பா, செவ்வகமா ஒரு பெட்டி. எங்க ஆத்தா பக்கத்துல போயிப் பாத்துட்டு, ‘என்னடா மாப்ள, இட்லிச் சட்டியா?’ன்னு கேட்டுச்சு. (சிரிப்பு) அது ப்ளேஸ்டேஷன் டூ! ஜப்பான்ல 2000-ஆம் வருஷம் வந்தது. ஒலகம் பூரா பதினஞ்சு கோடிக்கு மேல வித்தது. அதுல ஒண்ணு எங்க வீட்டுச் சீர்த்தட்டுல, வெத்தலை பாக்குக்கு நடுவுல உக்காந்திருக்கு.

அந்த மாமன் மனசுல என்ன நெனச்சாருன்னு எனக்குத் தெரியும். மருமகன் விளையாடுவான்னுதான் வாங்கிட்டு வந்தாரு. பயலும் அன்னிக்கே பெட்டியைத் தூக்கப் போனான். அப்ப இந்தப் பொண்ணு, தலையில பூவு, கழுத்துல மாலை, மணையில உக்காந்துக்கிட்டே ஒரு கேள்வி கேட்டா: ‘சடங்கு எனக்கா, தம்பிக்கா?’ (கைதட்டல்) சபை கப்சிப்! சீர்னு வந்துட்டா அது பொண்ணு சொத்து. பெத்த அப்பனே தொடக் கூடாது. நம்ம ஊரு பஞ்சாயத்துல இதுக்கு மறு பேச்சு உண்டா? பெட்டி அவளுக்கே ஆச்சு.

நடுவர்: சடங்குக்கு வந்த சீரு, சட்டப்படி செல்லும்மா!

தீர்ப்பை இப்பவே சொல்லிட்டீங்களேய்யா! (சிரிப்பு)

பெட்டியோட மூணு விளையாட்டுத் தட்டு வந்துச்சு. ஒண்ணு துப்பாக்கி, ஒண்ணு காரு. மூணாவது ‘எஸ்.எஸ்.எக்ஸ். ட்ரிக்கி’. 2001-ல கனடாக்காரங்க பண்ணினது. பனிமலை உச்சியில இருந்து ஆறு பேரு, காலை ஒரே பலகையில கட்டிக்கிட்டுச் சறுக்கி வரணும். முதல் மூணு இடத்துக்குள்ள வந்தாத்தான் அடுத்த சுத்து. அதுல தேர்ந்தெடுக்கிறதுக்கு மொத்தம் பன்னெண்டு ஆட்டக்காரங்க. அதுல அஞ்சு பேரு பொம்பளைங்க. தனிப் போட்டி கிடையாது, பொம்பளைக்குக் கொஞ்சம் முன்னாடி கோடு போட்டு நிப்பாட்டுறது கிடையாது. அதே மலை, அதே சரிவு, அதே கடிகாரம்.

இப்ப அந்த விளையாட்டோட சூட்சுமத்தைச் சொல்றேன், எதிரணி காது குடுத்துக் கேக்கணும். ‘பொத்தானை அமுக்குறதுல என்ன இருக்கு?’ன்னு ரெண்டு தடவை கேட்டீங்க. பலகை தானா எறங்கும், அதுக்குத் தெறமை வேண்டாம். ஆனா சும்மா ஓரமா, பத்திரமா எறங்கிட்டு வந்தா கடைசியாத்தான் வரணும். ஏன்னா வேகம் ஓசியில கெடைக்காது. மேடு வர்ற எடத்துல பொத்தானை அமுக்கிப் புடிச்சுக் குனிஞ்சு, சரியான நொடியில விட்டு எகிறணும். அந்தரத்துல உடம்பைச் சுத்தணும், ஒரு கையால பலகையைப் புடிக்கணும். புடிச்சா, திரையில ஓரமா ஒரு அளவுகோல் நெறையும். அது நெறஞ்சாத்தான் வேகம். இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. தரையைத் தொடுறதுக்கு முன்னாடி, புடிச்ச பலகையை விட்டுரணும். ஆசைப்பட்டு இன்னுங் கொஞ்சம் புடிச்சுக்கிட்டே இருந்தா, தலைகுப்புற விழுந்து சேத்து வச்ச வேகமும் போகும். எப்பப் புடிக்கணும், எப்ப விடணும்! இதை எங்க அண்ணனுக்கு யாராவது கத்துக் குடுத்திருந்தா, சீட்டுக் கம்பெனியில காசைப் போட்டிருக்க மாட்டாரு. (சிரிப்பு, கைதட்டல்)

அந்தப் பொண்ணு எடுத்துக்கிட்டது ஜப்பான்காரப் பொண்ணு கவோரி. மொத நாளு பூரா விழுந்துக்கிட்டே இருந்தா. எங்க ஆத்தா வெத்தலை இடிச்சுக்கிட்டே பாத்துட்டு, ‘ஐயோ, பாவம் புள்ள விழுந்துருச்சே, தூக்கி விடுங்கடி’ன்னு பதறுது. இவ சொல்றா, ‘அப்பத்தா, அதுவே எந்திரிச்சிரும்’னு. எந்திரிச்சுச்சு. மறுபடி விழுந்துச்சு. மறுபடி எந்திரிச்சுச்சு. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, ஆத்தா சாயங்காலம் சீரியலை விட்டுட்டு இதுக்கு முன்னாடி உக்காந்திருக்கு. ‘அந்த நெட்டைப் பயல விடாதடி... இடது பக்கமா ஒடி... ஏறு, ஏறு... ஏய் கொமரி, முந்துடி!’ எழுபது வயசுக் கெழவி! அதுக்கு அஞ்சு வயசுல கல்யாணப் பேச்சு, பதினாலு வயசுல கல்யாணம். தன் வாழ்நாள்ல ஒரு பொம்பளையைப் பாத்து ‘முந்துடி’ன்னு எங்க ஆத்தா சொன்னது அன்னிக்குத்தான். (நீண்ட கைதட்டல்)

அந்த ‘முந்துடி’க்கு என்ன வெலை போடுவீங்க எதிரணித் தலைவரே?

சரி, இந்தப் பலகை எங்கருந்து வந்ததுன்னு தெரியுமா? 1965 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், மஸ்கீகன் ஊரு. ஷெர்மன் பாப்பன்னு ஒரு மனுசன். அவரு சம்சாரம் நெறமாசக் கர்ப்பிணி. வீட்டுக்குள்ள ரெண்டு பொம்பளப் புள்ளைக ஒரே ரகளை. அந்தம்மா சொல்லுது, ‘இதுகளை வெளியே கூட்டிக்கிட்டுப் போங்க’ன்னு. இவரு வெளியே போயி, ரெண்டு பனிச்சறுக்குக் கட்டையைச் சேத்து அடிச்சு ஒரே பலகையாக்கி, புள்ளைகளை அதுல நிக்க வச்சுச் சறுக்க விட்டாரு. அந்தம்மா அதுக்கு ‘ஸ்னர்ஃபர்’னு பேரு வச்சுச்சு. இன்னிக்கு ஸ்னோபோர்டுன்னு சொல்றோமே, அதுக்குத் தாய்ப் பலகை அதுதான். நல்லாக் கவனிங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைகளை வீட்டை விட்டு வெளியே அனுப்புறதுக்காகப் பொறந்த பலகை அது! நம்ம வீட்டுல? புள்ளை வெளியே போக முடியலைன்னு அந்தப் பலகையே வீட்டுக்குள்ள வந்துச்சு.

வெள்ளைக்காரங்க ஊருல மட்டும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு நெனச்சுக்காதீங்க. பனிமலை மேடையில இருந்து பறந்து தாண்டுற போட்டி ஒண்ணு இருக்கு. 1924-ல மொத குளிர்கால ஒலிம்பிக்ஸ்லயே ஆம்பளைகளுக்கு வச்சுட்டாங்க. பொம்பளைகளுக்கு எப்ப வச்சாங்க? 2014-ல! தொண்ணூறு வருஷம்! ஏன்யா இவ்வளவு நாளுன்னு கேட்டா... 2005-ல உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தோட தலைவரே சொல்லியிருக்காரு, இப்படித் தாவித் தாவி விழுறது மருத்துவ ரீதியாப் பொம்பளைகளுக்கு ஏத்ததாத் தெரியலைன்னு. எங்கயோ கேட்ட குரலா இருக்கா? ‘குதிக்காதடி, கர்ப்பப்பை எறங்கிரும்’னு நம்ம அப்பத்தா சொல்லுச்சே, அதே குரல்தான்! சுவிட்சர்லாந்துல கோட்டுப் போட்டுப் பேசியிருக்கு. (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அந்தப் பொண்ணுக விட்டாங்களா? 2010 ஒலிம்பிக்ஸ்ல எங்களையும் சேத்துக்கங்கன்னு கனடாவுல கோர்ட்டுக்கே போனாங்க. தோத்தாங்க. அடுத்த ஒலிம்பிக்ஸ்ல, 2014 சோச்சியில, தாண்டினாங்க. ஜெர்மனிப் பொண்ணு கரினா வோக்ட் மொதத் தங்கம் வாங்குச்சு.

ஆனா பலகை கதை வேற. 1998-ல ஜப்பான் நகானோ ஒலிம்பிக்ஸ்ல ஸ்னோபோர்டு மொத தடவையா வந்தப்பவே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வருஷம், ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு போட்டி. பொறந்த வீட்டுப் பெருமை!

எதிரணியில ஒரு அண்ணன் வீரமாச் சொன்னாரு, ‘அலங்காநல்லூரும் பாலமேடும் இருக்கிற மண்ணுய்யா இது. வாடிவாசல் முன்னாடி நின்ன பரம்பரை பொத்தானை அமுக்குறதா?’ன்னு. அண்ணே, வாடிவாசல் முன்னாடி நின்ன பொம்பளை எத்தனை பேருண்ணே? காளைக்குத் தண்ணி வைக்கிறது யாரு? தவிடு கலக்குறது யாரு? பருத்திக்கொட்டை ஆட்டிப் போட்டு, புள்ளை மாதிரி வளக்குறது யாரு? பொம்பளை. வாடிவாசல்ல மைக்குல சொல்ற பேரு யாரு பேரு? அவ்வளவுதான், நான் மேல பேசலை. (கைதட்டல்)

இப்ப எதிரணியோட பெரிய குண்டுக்கு வர்றேன். அடிமைத்தனம். வீடியோ விளையாட்டு போதை மாதிரின்னு சொன்னாங்க. நான் மழுப்ப மாட்டேன். விளையாட்டு நோய்னு ஒண்ணு இருக்கு. உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியல்ல சேத்து, 2019-ல உலக நாடுகள் ஏத்துக்கிட்டு, 2022-ல நடைமுறைக்கு வந்துச்சு. எதை நோய்ங்கிறாங்க? விளையாட்டு மேல தன் கட்டுப்பாடே போயி, சோறு, தூக்கம், படிப்பு எல்லாத்துக்கும் மேல அதுவே பெருசாகி, கெடுதல்னு தெரிஞ்சும் நிறுத்த முடியாம, பொதுவாப் பன்னெண்டு மாசமாவது அப்படியே இருந்தா. அந்தப் புள்ளைக்கு வைத்தியம் பாக்கணும், வைய்யக் கூடாது. லீவு நாள்ல ரெண்டு மணி நேரம் விளையாடுற புள்ளையையும் அதோட சேத்துக் கட்டாதீங்க.

அப்பறம் அந்த ரம்மி. ஆன்லைன் ரம்மியில காசு போயி உசுரை விட்டாங்கன்னு உருக்கமாப் பேசினீங்க. எனக்கும் கண்ணு கலங்குச்சு. ஆனா அது இந்தத் தலைப்புல எங்க வருது? 2022-ல தமிழ்நாட்டு சட்டமன்றம் சட்டம் போட்டது ஆன்லைன் சூதாட்டத்துக்கு. 2025-ல நாடாளுமன்றம் தடை போட்டது காசு கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்கு. எங்க பனிமலையில பந்தயம் உண்டு, பணயம் கெடையாது. தோத்தா என்ன போகும்? நாலு நிமிஷம் போகும். தாலியையும் தாயக்கட்டையையும் ஒரே தராசுல நிறுக்கிறீங்களே! (கைதட்டல்)

இன்னொரு சேதி. 2007-ல கனடா டொராண்டோ பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி. கண்ணுக்கு முன்னால இருக்கிற வெளியை ஒரே நேரத்துல கவனிக்கிறது, ஒரு உருவத்தை மனசுக்குள்ளயே திருப்பிப் பாக்குறது, இந்த மாதிரித் தெறமையில ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி இருக்குன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. மொத்தம் பத்து மணி நேரம் வேகமான வீடியோ விளையாட்டை விளையாட விட்டுப் பாத்தாங்க. ரெண்டு பேரும் முன்னேறினாங்க, பொண்ணுங்க கூடுதலா முன்னேறினாங்க. கவனிக்கிற தெறமையில இடைவெளியே கிட்டத்தட்டக் காணாமப் போச்சு. அது துப்பாக்கி விளையாட்டு, எங்க பனிச்சறுக்கு இல்ல. அதையும் நானே சொல்லிர்றேன், இல்லைன்னா தம்பி எந்திரிப்பாரு. எனக்கு அதுல புடிச்சது வேற விஷயம். எதைப் பொறவிக் கொறைன்னு சொன்னாங்களோ, அது பத்து மணி நேரப் பழக்கக் கொறை!

நடுவர் அவர்களே, இந்த ஊரு மேடையில நின்னுக்கிட்டு ஒண்ணைச் சொல்லாமப் போனா நான் பேசினதுக்கே அர்த்தமில்ல. வெளியூருக்குப் போயி ‘உசிலம்பட்டி’ன்னு சொன்னா, எதுத்தாப்புல இருக்கிறவங்க முகம் ஒரு நொடி மாறும். 1986-ல ஒரு பத்திரிகை எழுதுச்சு, அதுக்கப்புறம் ஊரு ஊரா எழுதுனாங்க, படம் எடுத்தாங்க. பொறந்த பொம்பளப் புள்ளைக்குக் கள்ளிப்பாலு குடுத்த ஊருன்னு. 1992-ல சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல மதுரை மாவட்டத்துக்கும் கொண்டு வந்தாங்க. நடந்ததை நான் மறைக்கலை. வரதட்சணையும் செய்முறையும் கழுத்தை நெரிச்சுச்சு, வறுமை கையைப் புடிச்சுச்சு. இந்த ஊரு பொம்பளைக அதுலருந்து மேல ஏறி வந்தாங்க, அந்த ஏத்தத்துக்கு யாரும் படம் எடுக்கலை.

நான் கேக்குறது அதுக்கு அடுத்த கேள்வி. பொம்பளப் புள்ளையை உசுரோட வச்சுக்கிட்டோம். சரி. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். சரி. விளையாட விட்டோமா? (அமைதி) சாப்பாடு குடுத்தோம், படிப்பு குடுத்தோம், பதிமூணு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு அரை மணி நேரம், யாருக்கும் பிரயோசனமில்லாம, அவளுக்கு மட்டும் சந்தோஷமா, விழுந்து எந்திரிக்க ஒரு எடம் குடுத்தோமா? ‘விழுந்துட்டா’ன்னு சொன்னா ஆம்பளைக்கு ஒரு அர்த்தம், பொம்பளைக்கு ஒரு அர்த்தம் வச்சிருக்கிற ஊரு உலகத்துல, விழுந்தா நாலு நொடி மட்டும் நட்டம்னு ஒரு எடம் இருக்கு. அது அந்த டிவிப் பெட்டிக்குள்ள இருக்கு. அதையும் புடுங்கணும்கிறீங்க!

‘அப்ப மைதானம் வேண்டாமா? பெட்டியே போதுமா?’ன்னு தம்பி துள்ளுறாரு. வேணும் தம்பி. நீங்க மைதானத்தைத் தொறந்து விடுங்க, பொம்பளப் புள்ளை ராத்திரி ஏழு மணி வரைக்கும் பந்து விளையாண்டுட்டு பயமில்லாம வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு தெரு குடுங்க. மறுநாளே அந்தப் பெட்டியை நானே பழைய சாமான்காரர்கிட்ட பேரீச்சம்பழத்துக்குப் போடுறேன். (சிரிப்பு, கைதட்டல்) அதுவரைக்கும் அது இருக்கட்டும்.

அவ இப்ப என்ன பண்றான்னு கேப்பீங்க. ஒலிம்பிக்ஸுக்கெல்லாம் போகலை. கல்யாணமாச்சு, ரெண்டு புள்ளை. தேனிப் பக்கம் வேலை, தெனம் ஸ்கூட்டர்ல போயிட்டு வர்றா. போன மாசம் என்னையைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு ஆண்டிபட்டிக் கணவாயில எறங்குறா. ஒரு பக்கம் பாறை, எதுத்தாப்புல லாரி. நான் ஒச்சாண்டம்மனைக் கும்புட்டுக்கிட்டு கண்ணை இறுக்கி மூடிட்டேன். அவ நிதானமாச் சொல்றா: ‘அத்தை, வளைவு வர்றதுக்கு முன்னாடியே சாயணும். வந்த பெறகு சாஞ்சா லேட்டு.’

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணியும் வளைவுக்கு முன்னாடியே அடிச்சுட்டீங்கய்யா! (சிரிப்பு) அந்தக் கறுப்புப் பெட்டி இன்னும் எங்க அண்ணன் வீட்டுப் பரண்ல இருக்கு. அவளோட மூத்த பொண்ணுக்கு இப்ப ஏழு வயசு. போன பொங்கலுக்கு வந்தப்ப அதை எறக்கித் தொடச்சு, ‘இது யாருது?’ன்னு கேட்டுச்சு. ‘எங்க ஆத்தா சீரு’ன்னு எங்க அண்ணன் சொன்னாரு. (பலத்த கைதட்டல்)